அந்தத் திருடனுக்கு எதிரே யார்? – அச்சுப்பட அரங்குகளின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அருங்காட்சியகங்களில் ஜப்பானிய அச்சுப்படங்களைப் பேணிக் காக்கும் எல்லோருக்கும்,

வணக்கம்.

பாஸ்டன், லண்டன், சிகாகோ, ஆம்ஸ்டர்டாம், டோக்கியோ என எங்கெங்கோ இருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். முதலில் நன்றி. இருநூறு, முந்நூறு வருஷத்துக் காகிதம் அது, வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும், அதனால் சில வாரங்கள் வெளியே மாட்டிவிட்டு மறுபடி இருட்டறைக்குள் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்துகிறீர்கள். அதோடு நிற்காமல், காகிதத்தின் நார் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்படி இணையத்திலும் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். நாடகம் என்றால் சோறு தண்ணீர் மறந்துபோகும் என்னைப் போன்றவர்கள், வீட்டில் உட்கார்ந்தபடியே, இன்று டோக்கியோ ஆகிவிட்ட பழைய எடோ நகரத்தின் கொட்டகைத் தெருவில் அலைய முடிவது உங்களால்தான்.

இனி மனக்குறை. நாடகப் படம் ஒன்றை மாட்டும்போது பல இடங்களில் அடியில் வைக்கும் சீட்டில் மூன்று விஷயம்தான் இருக்கிறது: வரைந்தவர் பெயர், 'கபுகி நடிகர்' என்று ஒரு வார்த்தை (கபுகி என்றால் ஜப்பானின் மரபு மேடை நாடகம்), ஆண்டு. எந்தக் கொட்டகை, எந்தத் தெரு, என்ன நாடகம், எந்த மாதம், அந்த நொடியில் மேடையில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் இல்லை. இத்தனைக்கும் அந்த விவரங்களில் பெரும்பாலானவை உங்கள் பதிவேடுகளிலேயே இருக்கின்றன. நான் கேட்பது அவற்றை வெளியே கொண்டுவந்து, படங்களைத் தெருவோடு சேர்த்து மாட்டச் சொல்லித்தான். பெரிய ஓவியர்களின் வரிசையாக மட்டும் காட்டும்போது ஒரு நாடகப்பேட்டையின் இருநூற்றைம்பது வருஷ வாழ்க்கை நம் கண்முன்னே இருந்தும் தெரியாமல் போகிறது.

அச்சுப்பட ஓவியர் ஷராகுவிடமிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவருடைய அந்த ஒரு படம் உலகத்துக்கே தெரியும். கண்ணை உருட்டி, வாயை இறுக்கி, நெஞ்சுத் துணிக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் விரல் விரித்து வெளியே நீட்டும் முரட்டு ஆள். சட்டை, குடை, காபிக் கோப்பை என்று அவன் இல்லாத இடம் இல்லை. அவன் யார்? நடிகர் மூன்றாம் ஓத்தானி ஓனிஜி, வேஷம் எதோபே என்கிற அடியாள். 1794-ஆம் வருஷம் ஐந்தாம் மாதம், கோபிகி-சோ தெருவில் கவாராசாக்கி-ஸா கொட்டகையில் நடந்த நாடகம். எதோபே பணம் பறிக்கப் பாய்கிறான். சரி, யாரிடம்? அதற்கு ஷராகு இன்னொரு படமே வரைந்து வைத்திருக்கிறார். இச்சிகாவா ஒமேஸோ என்ற நடிகர் இப்பே என்கிற வேலைக்காரனாக, எஜமானின் பணத்தைக் காப்பாற்ற வாளை உருவ முனைந்து, எதிர்ப்பக்கம் பார்த்தபடி நிற்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தக் கைகள் ஏன் அப்படி நீள்கின்றன என்று ஒரு குழந்தைக்குக் கூடப் புரியும். நீங்களோ திருடனை மட்டும் தனியாக மாட்டுகிறீர்கள், பார்க்கிறவர்கள் 'ஜப்பானிய முகபாவம்' என்று என்னவோ நினைத்துக்கொண்டு நகர்ந்துபோகிறார்கள். ராஜபார்ட்டும் வில்லனும் முறைத்துக்கொண்டு நிற்கிற காட்சியில் ஒருவரை மட்டும் வெட்டி எடுத்துப் பிரேம் போட்டால் அது நாடகப் படமா?

கவாராசாக்கி-ஸா என்ற பெயரிலேயே இன்னொரு கதை இருக்கிறது. எடோவில் அரசு உரிமம் பெற்ற பெரிய கொட்டகைகள் மூன்று: நாகமுரா-ஸா, இச்சிமுரா-ஸா, மொரித்தா-ஸா. கடனில் மூழ்கி ஒன்று மூடினால் அதற்குப் பதிலாக நடத்த ஒரு மாற்றுக் கொட்டகைக்கு அனுமதி உண்டு. ஷராகு தன் முதல் 28 படங்களை வெளியிட்ட அந்த மாதத்தில் மூன்று பெரிய கொட்டகைகளுமே மூடிக் கிடந்தன. மியாக்கோ-ஸா, கிரி-ஸா, கவாராசாக்கி-ஸா என்று மூன்றும் மாற்றுகள்தான். பதிப்பாளர் சுத்தாயா ஜூசாபுரோவும் அடிபட்ட ஆள். 1791-இல் அவர் வெளியிட்ட கதைப் புத்தகங்களுக்காக அரசு அவர் சொத்தில் பாதியைப் பறித்தது, எழுதிய சான்தோ கியோதென் ஐம்பது நாள் கைவிலங்கோடு கிடந்தார். ஆக, நொடிந்துபோன நாடகத் தெருவும் நொடிந்துபோன பதிப்பாளரும் சேர்ந்து, யாரென்றே இன்றுவரை விவாதம் ஓயாத ஓர் ஓவியரை வைத்து, அப்ரகத் தூள் மின்னும் கருஞ்சாம்பல் பின்னணியில் செலவு பிடித்த முகப்படங்களை ஒரே வீச்சில் இறக்கியிருக்கிறார்கள். பத்து மாதத்தில் எல்லாம் முடிந்தது, ஷராகு அதற்கப்புறம் அச்சுப்படம் எதுவும் வெளியிடவில்லை. இதை இரண்டு வரியில் சீட்டில் எழுதினால் அந்தப் படத்தின் அழகு குறைந்துவிடுமா என்ன?

'படம் படமாகவே பேசட்டும், விவரம் கண்ணை மறைக்கும்' என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அதை நான் மதிக்கிறேன், ஓர் ஓவியத்தின் முன்னால் வாசிக்க ஒன்றுமில்லாமல் சும்மா நிற்பதும் நல்ல விஷயம்தான். ஆனால் இவற்றை அன்று வாங்கியவர்கள் அப்படி வாங்கவில்லை. ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலையை ஒட்டிய காசுக்கு, போன வாரம் பார்த்த நாடகத்தின் ஞாபகமாகவோ, காசில்லாமல் பார்க்க முடியாமல் போன நாடகத்துக்குப் பதிலாகவோ, தனக்குப் பிடித்த ஸ்திரீபார்ட் நடிகரின் புது வேஷத்துக்காகவோ வாங்கினார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் இருந்தால் அது டான்ஜூரோ என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கும் நடிகர் குடும்பத்துச் சின்னம் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். மூக்கைப் பார்த்தே ஆளைச் சொன்னார்கள். நமக்கு அது எதுவும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததில் பாதியாவது எங்களுக்கும் தாருங்கள் என்பதுதான் வேண்டுகோள்.

தெருவோடு சேர்த்து மாட்டுங்கள் என்றேன் இல்லையா, அது எப்படி இருக்கும் என்று நானே கொஞ்சம் சொல்லிப் பார்க்கிறேன்.

எடோவில் முதல் கொட்டகை 1624-இல் எழும்பியது என்பது மரபு. நடத்தியவர் சாருவாகா கன்ஸாபுரோ, அதுவே பின்னால் நாகமுரா-ஸா ஆனது. 1629-இல் பெண்கள் மேடையேறத் தடை, 1652-இல் பையன்கள் ஆடுவதற்கும் தடை, அதற்கப்புறம் வளர்ந்த ஆண்கள் மட்டும், பெண் வேஷமும் அவர்களே. நூற்றாண்டின் நடுவில் நாகமுரா-ஸாவும் இச்சிமுரா-ஸாவும் சகாய்-சோ, ஃபுகியா-சோ என்று ஒட்டினாற்போல் இருக்கும் இரண்டு தெருக்களில் நிலைத்துவிட்டன. பொம்மலாட்டக் கொட்டகைகளும் அங்கேயே இருந்ததால் அதன் பக்கத்துப் பகுதிக்கு இன்றும் பொம்மைத் தெரு என்று பொருள்படும் நிங்யோ-சோ என்றுதான் பெயர். ஹிஷிகாவா மொரோனோபு வரைந்த மடிப்புத் திரை ஒன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாசலில் ஆள் கூப்பிடுகிறவர்கள், உள்ளே மேடை, மேடைக்குப் பின்னால் வேஷம் கட்டும் இடம் என்று கொட்டகையை முன்னிருந்து பின்வரை நடந்து பார்க்க வைக்கிற திரை அது. இது பணக்காரர் வீட்டுக்கு வரைந்தது, தெருவில் நிற்கும் ஆளுக்குக் கிடைத்தது அச்சுப்படம்தான். இரண்டையும் ஒரே அறையில் வைத்து ஒப்பிடச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அப்புறம் டோரீ குடும்பம். ஒசாக்காவிலிருந்து வந்த ஒரு நடிகர் கொட்டகை வாசலுக்கு விளம்பரப் பலகை வரைய ஆரம்பித்து, அவர் மகன் கியோநோபு அதையே ஒரு பாணியாக வளர்த்தார். சுரைக்காய் மாதிரி புடைத்த கால்கள், மண்புழு மாதிரி தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடு. தெருவின் அந்தக் கோடியிலிருந்தே கண்ணில் பட வேண்டிய பலகைக்காகப் பிறந்த கோடு அது. அதையே சிறு காகிதத்தில் அச்சடித்தபோது வந்ததுதான் ஆரம்பகால நடிகர் படங்கள். அதனால் ஒரு டோரீ படத்தை மாட்டும்போது, இது ஒரு பலகையின் குட்டி என்று சொல்லாமல் விட்டால், கால் ஏன் இப்படி வீங்கியிருக்கிறது என்று பார்க்கிறவர் குழம்பத்தான் செய்வார். இதே குடும்பத்தின் வழி இருபத்தொன்றாம் நூற்றாண்டு வரை வந்தது, டோக்கியோவின் கபுகி-ஸா கொட்டகைக்கான பலகைகளை நம் காலத்திலும் அவர்கள் வரைந்திருக்கிறார்கள்.

1740-களில் ஓகுமுரா மசானோபு செய்த உள்ளரங்கப் படங்கள் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தவை. தூரம் போகப் போகக் கோடுகள் ஒரு புள்ளியில் குவியும் மேற்கத்திய முறையை அப்போதுதான் கற்றுக்கொண்ட உற்சாகம் அதில் தெரிகிறது: கூரை உத்தரங்கள் எல்லாம் உள்ளே ஓடுகின்றன, இரண்டு பக்கமும் மாடி வரிசை, கீழே தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்த ஜனம், நடுவே பலகாரம் விற்கிறவன், பார்வையாளர்களுக்குள்ளேயே நீளும் நடைமேடை. கொட்டகைக்கு முழுக் கூரை வந்த பிறகும் மேடைக்குத் தனியாக ஒரு சின்னக் கூரை உள்ளே நிற்பதைப் பாருங்கள். திறந்தவெளியில் ஆடிய நாளின் மிச்சம் அது. அடுத்தடுத்த தலைமுறை ஓவியர்களின் உள்ளரங்கப் படங்களைப் பக்கத்தில் வரிசையாக வைத்தால் அந்தக் கூரை ஒரு கட்டத்தில் மறைந்துபோவது கண்ணுக்கே தெரியும், கட்டடக்கலைப் புத்தகம் எதுவும் தேவைப்படாது. இன்னொன்று, மேடைக்கு இடப்புறம் பின்னால் ஒரு மலிவு டிக்கெட் இடம் உண்டு, அங்கே இருப்பவர்களுக்கு நடிகரின் முதுகுதான் தெரியும். பிற்காலப் படங்களில் அந்த ஏழை ரசிகர்கள் முட்டிமோதிக்கொண்டு எட்டிப் பார்ப்பதை ஓவியர்கள் விடாமல் வரைந்திருக்கிறார்கள். உங்கள் வழிகாட்டிகள் ஒருவர்கூட விரல் நீட்டி அதைக் காட்டி நான் பார்த்ததில்லை, காட்டினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

1765-ஐ ஒட்டி முழு வண்ண அச்சு வந்ததும் கட்சுகாவா ஷுன்ஷோவும் அவர் சீடர்களும் நடிகர்களின் அசல் முகத்தைப் படத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் சின்னத்தையும் பெயரையும் வைத்துத்தான் ஆளை அறிய முடியும். அந்தச் சீடர்களில் ஒருவர் ஷுன்ரோ என்ற பெயரில் நடிகர் படங்கள் போட்டுப் பழகிக்கொண்டிருந்த இளைஞர். பின்னால் ஹொகுசாய் என்று அலை வரைந்து உலகப் புகழ் பெற்றவர் அவரேதான். அவருடைய அலைக்குக் கொடுக்கும் சுவரில் கால்வாசியை இந்தக் கொட்டகைத் தெரு நாட்களுக்குக் கொடுத்தால் போதும்.

இதிலெல்லாம் இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். நாடகம் தொடங்கும்போதே படமும் கடையில் இருக்க வேண்டும் என்பதால் ஓவியர்கள் சில சமயம் ஒத்திகைக்கு முன்பே, கேள்விப்பட்டதை வைத்தே வரைந்துவிடுவார்கள். கடைசி நேரத்தில் வேஷம் மாறும், நடிகர் மாறுவார், நாடகமே நின்றுபோகும். நடக்காத காட்சிகளின் படங்களும் அதனால்தான் உங்கள் பெட்டிகளில் இருக்கின்றன. அச்சுப்படத்தோடு அந்தந்த நாடகத்தின் நோட்டீஸையும், தெருமுனையில் ஒட்டியதையும், கொட்டகையில் விற்ற சின்னப் படப் புத்தகத்தையும் சேர்த்து வைத்தால்தான் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தெரியும். மோசமான காகிதம், ஒரே கறுப்பு மை, அழகில்லை என்று நோட்டீஸ்களை நீங்கள் வெளியே எடுப்பதே அபூர்வம். நாடகக்காரர்களுக்கு அதுதான் தங்கம். டோக்கியோ வாசேதா பல்கலைக்கழகத்தின் நாடக அருங்காட்சியகம் 1928-இலிருந்து இந்த வகைக் காகிதங்களையும் படங்களையும் சேர்த்துவைத்து, நடிகர், நாடகம், கொட்டகை, தேதி என்று எதை வைத்தும் தேடும்படி திறந்துவிட்டிருக்கிறது. அவர்களால் முடிந்தது உங்களால் முடியாதா?

இனி 1841. எனக்கு மனசு கனக்கிற இடமும், படங்கள் மிக முக்கியமாகிற இடமும் இதுதான். அந்த வருஷம் பத்தாம் மாதம் சகாய்-சோவில் பிடித்த தீயில் நாகமுரா-ஸாவும் இச்சிமுரா-ஸாவும் எரிந்தன. எடோவில் கொட்டகை எரிவது புதிதில்லை, எரியும், மறுபடி கட்டுவார்கள். இந்த முறை கட்ட விடவில்லை. மூத்த அமைச்சர் மிசுனோ தாதாகுனி ஆடம்பர ஒழிப்பு என்று சீர்திருத்தங்களைக் கொண்டுவந்த நேரம் அது. நகர நிர்வாகி தோயாமா ககேமோத்தோ வாதாடியதால் நாடகத்தை ஒழிக்காமல் ஊருக்கு வெளியே தள்ளுவதோடு விட்டார்கள். அசாகுசா கோயிலுக்கு அப்பால், யோஷிவாரா விலைமாதர் பேட்டைக்குப் போகிற வழியில், ஓர் இடத்தைக் கொடுத்து, முதல் கொட்டகைக்காரரின் பெயரால் 1842-இல் சாருவாகா-சோ என்று பெயரிட்டார்கள். நடிகர்கள் அங்கேயே குடியிருக்க வேண்டும், வெளியே வந்தால் முகத்தை மறைக்கும் ஓலைத்தொப்பி போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வருஷமே ஏழாம் டான்ஜூரோ ஆடம்பரக் குற்றத்துக்காக எடோவை விட்டுத் துரத்தப்பட்டார். அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் கவாராசாக்கி-ஸாவில் 'கான்ஜின்-சோ' நாடகத்தை முதன்முதலாக மேடையேற்றியிருந்தார், கபுகியில் இன்றும் அடிக்கடி ஆடப்படுவது அது.

அச்சுப்படத்துக்கும் அதே வருஷம் அடி விழுந்தது. நடிகர் படம், விலைமாதர் படம் கூடாது, வண்ணங்களுக்கு வரம்பு, விலைக்கும் உச்சவரம்பு. இதற்குப் பதில் சொன்னவர் ஓவியர் குனியோஷி. ஒரு கிட்டங்கிச் சுவரில் யாரோ ஆணியால் கிறுக்கியது போல ஒரு படம் போட்டார், காலம் 1848-ஐ ஒட்டி. கோணல்மாணலான தலைகள், நடுவில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஆடும் பூனை. உற்றுப் பார்த்தால் தலைகள் எல்லாம் அன்றைய நடிகர்கள்! சிறுபிள்ளைக் கிறுக்கலை எந்த அதிகாரி தடை செய்வான்? பல அரங்குகளில் இதை 'நகைச்சுவைப் படம்' என்ற பிரிவில் மாட்டுகிறார்கள். தயவுசெய்து அங்கிருந்து எடுத்துவிடுங்கள். தடை உத்தரவுக்கு நேர் எதிரே மாட்ட வேண்டிய படம் இது, வயிற்றுப் பிழைப்பும் தொழில் மானமும் அந்தக் கிறுக்கல் கோடுகளில் இருக்கின்றன.

தடை தளர்ந்த பிறகும் பல வருஷம் நடிகரின் பெயரைப் போடாமல்தான் படங்கள் வந்தன. 1852-இல் ஓவியர் குனிசாதா தோக்காய்தோ நெடுஞ்சாலையின் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு நடிகர் முகத்தைச் சேர்த்துப் போட்ட வரிசை விற்றுத் தள்ளியது. அதில் இடத்தின் பெயர் உண்டு, வேஷத்தின் பெயர் உண்டு, நடிகர் பெயர் இல்லை. முகத்தைப் பார்த்து ஜனங்களே தெரிந்துகொண்டார்கள். இந்தப் பெயரின்மை தடையின் தழும்பு. இதற்குக் கீழே சீட்டில் 'பெயர் தெரியாத நடிகர்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது எனக்குத் துடிக்கிறது. தெரியாத நடிகர் இல்லை ஐயா, தெரிந்தும் எழுத முடியாத நடிகர். தணிக்கை முத்திரைகள் படத்தின் மேலேயே இருக்கின்றன, எந்த வருஷங்களில் எந்த மாதிரி முத்திரை குத்தினார்கள் என்பதும் உங்களுக்கு அத்துப்படி. அந்த முத்திரையைப் பெரிதாக்கிப் பக்கத்தில் ஒரு சின்னப் படமாக வைத்து, இதைக் குத்தியது யார், எதற்கு என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

1854-இல் எட்டாம் டான்ஜூரோ ஒசாக்காவில் தற்கொலை செய்துகொண்டார். துரத்தப்பட்ட ஏழாமவரின் மகன், முப்பதையொட்டிய வயது, எடோப் பெண்களின் கனவு நாயகன். அஞ்சலிப் படங்கள் வெள்ளமாக வந்தன, நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். புத்தர் சாய்ந்து படுத்து நிர்வாணம் அடையும் காட்சியைப் போலவே அவரைப் படுக்க வைத்து, சுற்றிலும் எல்லா வயதுப் பெண்களும் கதறி அழுவது போல ஒன்று உண்டு. இவை அவசரத்தில் அடித்தவை, வரைந்தவர் பெயர்கூடப் பலவற்றில் இல்லை. அதனால்தான் 'கலைத்தரம் குறைவு' என்று பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. ஆனால் ஒரு நடிகன் செத்த அன்று ஊர் எப்படி இருந்தது என்று சொல்ல இவற்றை விட்டால் வேறு என்ன இருக்கிறது? இவற்றை ஒரு சுவர் நிறைய ஒட்டி வையுங்கள், ஒன்றிரண்டு அழகானதைப் பொறுக்காதீர்கள்.

அடுத்த வருஷம், 1855-இல், பெரிய பூகம்பம். சாருவாகா-சோ இடிந்து எரிந்தது. அதற்கடுத்த வருஷம் ஓவியர் ஹிரோஷிகேயின் இரவுக்காட்சி வருகிறது, எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள் என்ற வரிசையில். எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: முழு நிலா, நேராக ஓடும் தெரு, வலது பக்கம் கொட்டகைகள், எதிரே தேநீர் விடுதிகள், நடக்கிறவர்கள் காலடியில் நீண்டு விழும் நிழல்கள். ஐரோப்பிய ஓவியத்தின் தாக்கம், வான்கோ, நிழல் என்று இதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், அதெல்லாம் சரிதான். எனக்கு முதலில் தெரிவது கொட்டகைகளின் கூரைமேல் நிற்கும் சதுர மேடைக் கூண்டுகள். உரிமம் உள்ள கொட்டகைக்கு மட்டுமே அந்தக் கூண்டு உண்டு. அடித்துத் துரத்தி, பெயரழித்து, முகத்தை மறைக்கச் சொல்லி, அப்புறம் பூமியும் பிளந்து, ஒரே வருஷத்தில் அந்தக் கூண்டுகள் மறுபடி நிலவொளியில் நிற்கின்றன. தீப் பயத்தால் நாடகம் விடிகாலை தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட வேண்டும் என்பது விதி. ஆக, படத்தில் இருக்கும் கூட்டம் நாடகம் முடிந்தும் தெருவை விட்டுப் போக மனமில்லாத கூட்டம். பூகம்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் இந்தப் படத்தை மாட்டுவது நியாயமே இல்லை. 1855-இன் அழிவைக் காட்டும் செய்திப் படங்கள் உங்களிடமே இருக்கின்றன, ஒன்றை எடுத்து இடப்பக்கம் மாட்டுங்கள்.

மீதிக் கதை வேகமாக ஓடுகிறது. 1872-இல் மொரித்தா-ஸா முதலில் கிளம்பி நகரத்துக்குள் ஷின்தோமி-சோவுக்கு வந்தது, பெயரும் ஷின்தோமி-ஸா ஆனது, தீயில் எரிந்து 1878-இல் காஸ் விளக்கோடு திறந்தது, மறுவருஷம் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி கிராண்ட் அங்கே வந்து நாடகம் பார்த்தார். மற்ற இரண்டும் ஒவ்வொன்றாகச் சாருவாகாவை விட்டுப் போயின. 1889-இல் கபுகி-ஸா திறந்தது கோபிகி-சோவில், ஷராகுவின் திருடன் கையை நீட்டிய அதே தெருவில். இன்று நிற்பது 2013-இல் திறந்த கட்டடம். இந்தக் காலத்து நடிகர் முகங்களை ஓவியர் குனிச்சிகா ரசாயனச் சிவப்பில் பளிச்சென்று அச்சிட்டார். அந்தச் சிவப்பை மட்டமானது என்று ஒதுக்கும் பழக்கம் இப்போதாவது குறைந்துவருகிறது, சந்தோஷம். அவருக்குப் பின் புகைப்படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. சாருவாகா என்ற பெயர் 1960-களில் முகவரியிலிருந்தும் போய்விட்டது, அசாகுசாவின் ஆறாம் வட்டத்துக்குள் கொட்டகை இருந்த இடத்தைச் சொல்லும் கல் உண்டு.

தெருவில் கட்டடம் ஒன்றும் மிச்சமில்லை என்பதால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன். தீ, பூகம்பம், 1923-இன் பெரும் பூகம்பம், 1945-இன் குண்டுவீச்சு எல்லாம் தின்றதுபோக அந்தப் பேட்டை இன்று இருப்பது உங்கள் பெட்டிகளில்தான், பாதி பாஸ்டனில், பாதி லண்டனில், ஒரு தாள் இங்கே, அதன் ஜோடித் தாள் அங்கே என்று சிதறி. மூன்று தாள் சேர்ந்தால் ஒரே காட்சியாகும் படங்களில் ஒரு தாளை மட்டும் வைத்திருக்கும் அரங்குகள் எத்தனையோ. மற்ற இரண்டு தாள் இன்னொரு அரங்கின் இணையப் பக்கத்தில் இருக்கும். வாங்க வேண்டாம், இரவல்கூட வேண்டாம், அதன் நகலைச் சின்னதாக அச்சடித்துப் பக்கத்தில் ஒட்டி, 'மீதி இங்கே இருக்கிறது' என்று எழுதினால் பார்க்கிறவர் கண் தானாகவே காட்சியை முடித்துக்கொள்ளும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை, உங்களுக்குள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டால் போதும்.

இடம் போதாது, சீட்டு நீளமாகிவிடும் என்று சொன்னால் ஒரு வழி இருக்கிறது. எல்லாப் படத்துக்கும் வேண்டாம். எடோவின் வரைபடம் ஒன்றைச் சுவரில் பெரிதாகப் போட்டு அதில் சகாய்-சோ, ஃபுகியா-சோ, கோபிகி-சோ, சாருவாகா-சோ என்று நான்கு புள்ளி வையுங்கள், ஒவ்வொரு படத்தின் சீட்டிலும் அந்தப் புள்ளியின் நிறத்தை ஒட்டுங்கள். 1842-க்கு முன், பின் என்று ஒரு கோடு தரையில் போடுங்கள், நடந்து தாண்டட்டும். கொட்டகை, மாதம், நாடகம், வேஷம் என்று நாலே சொல் ஒவ்வொரு சீட்டிலும் இருக்கட்டும்.

அடுத்த முறை ஷராகுவின் எதோபேயை வெளியே எடுக்கும்போது, உங்களிடம் இப்பே இருக்கிறானா என்று பெட்டியில் ஒருமுறை தேடிப் பாருங்கள். இருந்தால் இருவரையும் எதிரெதிரே மாட்டுங்கள். இல்லாவிட்டால் இருக்கும் அரங்கிடம் நகல் கேளுங்கள்.

அன்புடன்,
நாடகத்தை நேசிக்கும் ஒரு தமிழ்ப் பார்வையாளர்